இடது பக்கக் கதவு

சாயங்காலம் ஒரு கிலோ ரம்புட்டான் வாங்கிவந்து எல்லாருக்கும் நடுவில் வைத்தாய். நான் ஒன்றுகூட எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டாய். பிடிக்காமல் இல்லை, சனோபர். சின்ன வயதில் தோலை உரிக்கப் பொறுமையில்லாமல் பல்லாலேயே கடித்துத் தின்றவள் நான். கேட்டவளுக்குப் பதில் சொல்லாமல் விட்டால் நன்றாக இருக்காது. நீ சென்னையிலிருந்து அருவி சீசனுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள், இங்கே நடந்தது எதுவும் உனக்குத் தெரியாது. அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

எங்கள் காரை ஓட்டியவர் இசக்கிமணி அண்ணாச்சி. வாப்பா சவூதியில் இருப்பதால் உம்மா எங்கே போக வேண்டும் என்றாலும் அவரைத்தான் கூப்பிடுவாள். பெரிய உடம்பு, சின்னக் குரல். என்னை எல்.கே.ஜி.க்கு ஆட்டோவில் கொண்டுபோய் விட்டதும் அவர்தான். நான் பிளஸ் ஒன் படிக்கும்போது, டியூஷன் முடிந்து வருகிற வழியில், இலஞ்சிப் பக்கம் வயல்களுக்கு நடுவே போகிற ரோட்டில் எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தார். நான்தான் கெஞ்சினேன்.

"உங்க உம்மாக்குத் தெரிஞ்சா என் தோலை உரிச்சிருவாவ பாப்பா" என்பார். சாவியைக் கொடுத்துக்கொண்டேதான் அதைச் சொல்லுவார். நல்ல வாத்தியார். குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. ஆனாலும் பதினாறு வயதுப் பிள்ளையிடம் சாவியைக் கொடுத்தது யார் என்று யோசித்துப் பார்த்தால், எல்லாம் அங்கேதான் தொடங்குகிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நல்ல சாரல் நேரம். கடையநல்லூர்ச் சொந்தக்காரர்கள் ஐந்தருவிப் பக்கம் வீடு எடுத்துத் தங்கியிருந்தார்கள், நாங்களும் போனோம். ராத்திரி அங்கேயே தங்கல் என்று உம்மா சொன்னதும் அண்ணாச்சிக்கு வேலை முடிந்தது. வண்டிகள் நிற்கிற இடத்தில் மற்ற டிரைவர்களோடு உட்கார்ந்து குடித்தார். வேலை முடிந்தால் மட்டும்தான் குடிப்பார். இருட்டிய பிறகு, எனக்கு மறுநாள் கெமிஸ்ட்ரி டெஸ்ட் இருக்கிறது, வீட்டுக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்தேன். அவர் குடித்திருப்பது உம்மாவுக்குத் தெரியாது. "சரி, அண்ணாச்சியக் கொண்டுபோய் விடச் சொல்லு. வீட்டுல மாமி இருக்கா" என்றாள்.

வழியில், ரோட்டோரத்தில் பழம் விற்கிற பார்வதியம்மாளின் கடைமேல் கார் ஏறியது. அந்த அம்மாளுடைய ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். காரின் வலது பக்கம் ஒரு பாலத்துச் சுவரில் ஒட்டி நின்றதால் டிரைவர் பக்கக் கதவைத் திறக்க முடியவில்லை. அண்ணாச்சி முன்சீட்டின் இடது பக்கக் கதவு வழியாக இறங்கினார். நான் பின்சீட்டிலிருந்து இறங்கினேன். ஜனங்கள் ஓடிவந்தபோது அவர் மழையில் ஆடிக்கொண்டு நின்றார்.

"குடிகாரப் பயல, கண்ண எங்கலே வச்சிருந்த" என்று கேட்டு ஒருவன் அறைந்தான். போலீஸ் வந்து மிஷினில் ஊதச் சொன்னது. ஊதினார். எவ்வளவு காட்டியது என்று பார்த்த போலீஸ்காரர் விசில் அடித்தார்.

என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. இதை நீ மறக்கக் கூடாது. பக்கத்துக் கடைப் பெண் என்னை உட்காரவைத்து, "பயந்துட்டியா தாயி" என்று தண்ணீர் தந்தாள். மாமா பைக்கில் வந்தார். "பொம்பளப் பிள்ள பேரு எதுக்கு பாய் கேசுல, கூட்டிட்டுப் போங்க" என்று போலீஸ்காரரே சொல்லிவிட்டார். நல்ல மனுஷர். யார் ஓட்டியது என்று அன்றைக்கு யாராவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஓட்டியது நான்.

அண்ணாச்சி மாட்டேன் என்றுதான் சொன்னார். அதையும் சொல்லிவிட வேண்டும். "பாப்பா, நான் குடிச்சிருக்கேன். இன்னைக்கு ஸ்டியரிங்ல கை வைக்க மாட்டேன். வெள்ளன எந்திரிச்சுக் கொண்டு விடுதேன்" என்றார். நான் சாவிக்குக் கையை நீட்டினேன். டெஸ்ட்டுக்கு ஏற்கனவே படித்து முடித்திருந்தேன். மழையில், ஹெட்லைட் போட்டு, வைப்பர் ஓட ஓட, ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று இருந்தது, அவ்வளவுதான். தராவிட்டால் இத்தனை நாள் ஓட்டச் சொல்லிக்கொடுத்ததை உம்மாவிடம் சொல்லுவேன் என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். சாவியைத் தந்தார். தனியாக விட மனமில்லாமல் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டார். கொஞ்ச தூரத்திலேயே தூங்கிவிட்டார்.

பார்வதியம்மாள் பழங்களைத் தார்ப்பாயால் மூடிக்கொண்டிருந்தாள். வெளிச்சம் பட்டதும் திரும்பினாள். பயப்படவில்லை. கார் ஓரமாக ஒதுங்கி வருவதைப் பார்த்து, வாங்குவதற்குத்தான் நிற்கப்போகிறது என்று நினைத்தாள் போல. ஒரு கொத்து ரம்புட்டானை எடுத்துத் தூக்கிக் காட்டினாள். நான் பிரேக் என்று நினைத்து மிதித்தது பிரேக் இல்லை.

பிறகு பின்சீட்டுக்குத் தாவினேன். துப்பட்டா கியரில் மாட்டியது, மறக்காமல் அதையும் எடுத்துக்கொண்டேன். இறங்கிப் போய் முன்கதவைத் திறந்து அவரை உலுக்கினேன். "என்ன பாப்பா ஆச்சு" என்றார். "இடிச்சிட்டீங்க அண்ணாச்சி" என்றேன். வாயில் அதுதான் வந்தது.

ஜாமீனில் வந்த பிறகு அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். என்னைத் தவிர எங்கள் வீட்டில் யாரும் போகவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "ஒண்ணுமே ஞாபகம் இல்ல பாப்பா. சாவிய உன் கையில குடுத்த மாதிரி இருக்கு. கனவா நெசமான்னு தெரியல."

"குடுத்தீங்க அண்ணாச்சி. அப்புறம் நீங்களே வாங்கிட்டீங்க, மழையில நீ ஓட்ட வேண்டாம்னு."

அவருக்கு முகம் தெளிந்தது. "அப்ப சரிதான். மழையில உன்ன ஓட்ட விட்டிருக்க மாட்டேன்" என்றார்.

ஒரு மனுஷர் ஞாபகம் இல்லாமல் தவிப்பதை எப்படிப் பார்த்துக்கொண்டிருக்க முடியும்? போகும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கொடுத்தேன். வைப்பர் கிரீச்சென்றது, வளைவில் அவர் கியர் மாற்றியது. கடைசியாக அந்தப் பழக்கொத்து. அது எனக்குத் தினமும் கனவில் வந்துகொண்டிருந்தது. "நீங்கதான அன்னைக்குச் சொன்னீங்க, கொத்தைத் தூக்கிக் காட்டுனாங்கன்னு" என்றேன். கொஞ்ச நாளில் அவர் மனைவி முத்துசெல்வி அக்கா என்னிடம், "ராத்திரில எந்திரிச்சு உக்காந்துகிடுதாவ பாப்பா. பழம் பழம்னு பொலம்புதாவ" என்றாள். அதற்குப் பிறகு எனக்கு அந்தக் கனவு வரவே இல்லை. அவர் குடியையும் விட்டுவிட்டார். "அந்த மட்டுக்கும் வீடு வீடா இருக்கு" என்று அக்காவே சொன்னாள். நடந்ததில் நல்லதையும் பார்க்க வேண்டும் இல்லையா.

கீழ்க்கோர்ட்டில் ஒரு வருஷம் ஜெயில் என்று தீர்ப்பு வந்தது. அப்பீலுக்கு நல்ல வக்கீலாக வைக்கச் சொல்லி வாப்பாவிடம் போனில் அழுதது நான்தான். வக்கீல் ஒலி முகம்மது மாமா வீட்டுக்கு வந்து, டீயைக் கையில் வைத்துக்கொண்டு விளக்கினார்.

"ஊதுனாரு, நாத்தம் அடிச்சுது, எல்லாம் சரி மைனி. குடிச்சிருந்தாருன்னு அது காட்டுது. ஓட்டுனாருன்னு காட்டுதா? ஸ்டியரிங்ல அவரைப் பாத்தவன் ஒருத்தன் கெடையாது. இடது பக்கக் கதவு வழியா எறங்குனவரை டிரைவர்னு எப்படிச் சொல்லுவான்?"

"அப்ப யாரு ஓட்டுனதுன்னு கேப்பாங்களே" என்றாள் உம்மா.

"அத நாம ஏன் சொல்லணும்? ஆதாரம் பத்தலன்னா போதும். வண்டில வேற யாரு இருந்தா? இந்தப் பிள்ள. இவளா ஓட்டிட்டு வந்தா?"

எல்லாரும் சிரித்தோம். எனக்கு அந்த வாதம் ரொம்பப் பிடித்திருந்தது. ஆதாரம் போதவில்லை என்றால் அந்தக் காரை யாருமே ஓட்டவில்லை என்று ஆகிவிடும். அண்ணாச்சி அவர் வீட்டில் இருப்பார், நான் என் வீட்டில் இருப்பேன். லா காலேஜுக்கு அப்ளிகேஷன் போடலாம் என்று தோன்றியதே அப்போதுதான்.

போன வாரம் அப்பீல் வந்தது. நானும் உம்மாவும் பின்பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பார்வதியம்மாள் எதிர் ஓரத்தில், ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். வக்கீல் மாமா கதவைப் பற்றிப் பேசப் பேச ஜட்ஜம்மா குறித்துக்கொண்டார். பிறகு தலை நிமிர்ந்து, "வண்டியில் இவரோடு வேறு யார் இருந்தது?" என்று கேட்டார்.

"பள்ளிக்கூடம் படிச்ச ஒரு பிள்ளைம்மா."

"அந்தப் பிள்ளையை ஏன் யாரும் விசாரிக்கவில்லை?"

அரசு வக்கீல் காகிதங்களைப் புரட்டினார். மாமாவுக்கு முகம் மலர்ந்தது, இப்படி ஒரு பாயிண்ட் அவருக்கே தோன்றியிருக்கவில்லை. திரும்பி என்னைக் காட்டி, "இங்கனதான் இருக்காம்மா" என்றார். ஜட்ஜம்மா என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன்.

அதற்குள் அண்ணாச்சி கையைக் கூப்பிவிட்டார். "அம்மா, அந்தப் பிள்ளைய விட்டுருங்க. பயந்து கெடக்கு. ஆதாரம் பத்தலன்னு வக்கீலய்யா சொல்லுதாவ. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு. நான்தான் ஓட்டுனேன். இந்த அம்மா ஒரு பழக்கொத்தைத் தூக்கிக் காட்டுனாவ. யாவாரம்னு நெனச்சுட்டாவ. நான் பாத்தேன்."

பார்வதியம்மாள் யாரும் கேட்காமலே பேசினாள். "ஆமா, காட்டுனேன். இத நான் ஒருத்தர்ட்டயும் சொன்னதில்லயே."

மாமா பைலை மூடினார். அப்பீல் தள்ளுபடியானது. வெளியே வந்து, "ஆதாரம் இல்ல ஆதாரம் இல்லன்னு தொண்ட வறளக் கத்துதேன், என் கட்சிக்காரரே ஆதாரமா எந்திரிச்சு நிக்காரு. இப்படி நேர்மையான ஆளுக்கு எவன்யா வக்கீல் வேல பாப்பான்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

போலீஸ் அழைத்துப் போகும்போது அண்ணாச்சி என் பக்கத்தில் நின்றார். "பதினெட்டு ஆகப்போகுதுல்லா பாப்பா. லைசென்ஸ் எடுத்துரு. நீ நல்லா ஓட்டுவ."

எனக்கு அவர்மேல் வருத்தம்தான், சனோபர். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒருவர் என்னைப் பற்றிக் கேட்டார். நான் எழுந்துகூட நின்றுவிட்டேன். சொல்லியிருப்பேன். சொல்ல விடாமல் குறுக்கே பேசியது அவர்தான். அதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. ஜெயிலில் பேச ஆள் கிடையாது, நானும் போக முடியாது. தனியாக உட்கார்ந்து யோசித்தால் அந்தச் சாவி மறுபடி அவர் ஞாபகத்துக்கு வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. இதோ பார், கை எப்படிச் சில்லிட்டிருக்கிறது.

ஆனால் இனிமேல் நான் மறைத்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. நீ கேட்டாய், எதையும் விடாமல் சொல்லிவிட்டேன். ஆரம்பிப்பதற்கு முன்னால் உன் பெயரைச் சொல்லி இரண்டு தடவை கூப்பிட்டும் பார்த்தேன். நீ நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாய்.