இடது பக்கம் சாயும் அலை

அம்மா: நகத்தைக் கடிக்காதடி. படம் பார்க்க வந்தியா, பரீட்சை எழுத வந்தியா?

மகள்: பரீட்சைதான். இடைவேளை முடிஞ்சதும் என் கடல் வரும். தூங்கிடாத.

அம்மா: உன் கடலா? யாரு பட்டா போட்டுக் கொடுத்தா?

மகள்: விளையாடாதம்மா. படகும் அந்தப் பையனும்தான் நிஜம். சுத்தியிருக்கிற தண்ணி முழுக்க நான் கம்ப்யூட்டர்ல செஞ்சது.

அம்மா: பாவம் அந்தப் பையன்... ஆனா கரை சேர்ந்துடுவான்.

மகள்: உனக்கு யாரு சொன்னா?

அம்மா: மூஞ்சியைப் பார்த்தா தெரியல? சாகிற மூஞ்சியா அது?

முன்சீட்டுக்காரர்: ஏம்மா... கதையைச் சொல்லிடாதீங்க. காசு கொடுத்து வந்திருக்கோம்.

அம்மா: கோவிச்சுக்காதீங்க தம்பி. அடுத்து வரப்போற கடல் எம்பொண்ணு செஞ்சது.

மகள்: அய்யோ... மெதுவாம்மா.

அம்மா: ஏன், திருடிட்டா வந்தே?

மகள்: நீதானே சொன்ன... நான் பேங்க் வேலையை விட்டன்னைக்கு. இல்லாத கடலை வரைஞ்சு யாருகிட்டடி காட்டப்போறேன்னு.

அம்மா: ம்... சொன்னேன்.

மகள்: உன்கிட்டதான். டைரக்டரு தட்டிக்கொடுத்துட்டாரு. அடுத்த படத்துல ஒரு குழுவுக்கே நான்தான் தலைமை. ஆனா நீ என்ன சொல்லுவியோன்னுதான் நகத்தைக் கடிக்கிறேன்.

அம்மா: தண்ணி குடி. எல்லாம் அந்த நீலப் போர்வையால வந்தது.

மகள்: ஞாபகம் இருக்கா?

அம்மா: மறக்குமா? ஜன்னல் கம்பியில ரெண்டு நுனியைக் கட்டிட்டு, மத்த ரெண்டை நான் பிடிச்சு உதறணும். நீ கட்டில்ல துடைப்பக்கட்டையை வெச்சுத் துடுப்பு போடுவே. இன்னும் பெரிய அலை, இன்னும் பெரிய அலைன்னு உசுரை வாங்குவே.

மகள்: அதை ஆபீசுக்குத் தூக்கிட்டுப் போயிட்டேன்.

அம்மா: அதானே பீரோவுல காணோம். நான் வேலைக்காரியை வேற சந்தேகப்பட்டேன்.

மகள்: நான் செஞ்ச அலை எல்லாம் ஸ்கேல் வெச்சு வரைஞ்ச மாதிரி நேரா எழும்புச்சு. உயிரே இல்லன்னு பாஸ் திருப்பித் திருப்பி அனுப்பினாரு. அப்புறம்தான் போர்வையைக் கட்டி உதறினேன். அப்பவும் வரல. கடைசியில... நீ உதறுற மாதிரியே உதறிப் பார்த்தேன்.

அம்மா: இடது கை ஏறாம.

மகள்: ஆமா. உன் தோள் வலியோட.

அம்மா: அதான் அந்த அலை இடது பக்கம் முதல்ல சரியுது... படகும் அந்த இடுக்குல புகுந்து தப்பிக்குது.

முன்சீட்டுக்காரர்: அம்மா... இப்பத்தானே சொன்னேன்.

அம்மா: அய்யய்யோ, வாய் தவறிடுச்சு தம்பி.

மகள்: ...அம்மா.

அம்மா: என்ன?

மகள்: அந்தக் காட்சி இன்னும் வரவே இல்லையே.

அம்மா: படம் வந்த முதல் நாளே வந்து பார்த்துட்டேன்டி, தனியா. நீ ஆசையா கூப்பிடுறப்ப பார்த்துட்டேன்னு எப்படிச் சொல்றது? அந்த அலை எழும்பினப்ப என் கையும் கூடவே எழும்புச்சு... பக்கத்துல இருந்தவங்க ஒரு மாதிரி பார்த்தாங்க. கடைசியில பேரு ஓடுறப்ப, தியேட்டரைக் கூட்டுறவரு எந்திரிக்கச் சொன்னாரு. எம்பொண்ணு பேரு வர்ற வரைக்கும் நகர மாட்டேன்னுட்டேன். பாவம், அவரும் துடைப்பத்தோட நின்னு பார்த்தாரு. சரி, கண்ணைத் துடை... விளக்கை அணைச்சுட்டாங்க. உன் கடல் வருது.