அந்தமான் மட்டும் வேணாமாம்

காப்பியெல்லாம் வேணாம் பாப்பா, வாயெல்லாம் ஏற்கனவே கசந்து கெடக்குது. நீ அந்தக் கம்ப்யூட்டர்ல பாலிக்கு ஆறு டிக்கெட்டுன்னு தட்டுறத கொஞ்சம் நிறுத்து. எம்பையன் சிவசங்கர் போன்ல சொன்னான்தான், அட்வான்ஸ் கட்டிட்டு வான்னு என்னை அனுப்புனதும் அவன்தான். இல்லன்னு சொல்லல. ஆனா அந்த ஆறு பேரும் பத்து நாளா எங்க வூட்ல அடிச்ச கூத்தக் கேளு, அப்பறம் போடு.

எங்க வூட்டுக்காரரு கோவிந்தசாமிக்கு வர்ற மாசம் அறுவது முடியுது. திருக்கடையூர் போயி மாலை மாத்திக்கினு வந்துரலாம்னு நானு சொன்னேன். மருமவ கவிதா, அதெல்லாம் பழசு அத்த, எல்லாரும் ஒரு தீவுக்குப் போவலாம், கடல் பச்சையா இருக்கும்னா. சரி, எனக்கும் ஆசதான். இங்க செஞ்சிக் கோட்டை மலைப் பாறை வாங்குற சூட்டையெல்லாம் நம்ம மேலதான ஊதுது. மேல்மலையனூரு, பாண்டிச்சேரி தவிர நானு எந்த ஊரக் கண்டேன்?

மாலத்தீவுன்னான் பையன். தண்ணிக்கு நடுவுல ஒரு ரூம்பு, அதுல ஒரு நாள் படுக்கறதுக்கு எங்க ரெண்டு ஏக்கர்ல வெளையற மல்லாட்டக் கடல மொத்தத்தையும் வித்தாலும் பத்தாது. அத வுட்டுட்டான். இலங்கைன்னேன். அங்கயும் இதே இட்லி இதே தமிழு, போட்டோ போட்டா எவன் பாப்பான்னா மருமவ. லட்சத்தீவுன்னாங்க. அங்க சரக்கு கெடைக்காதுன்னு எங்கொழுந்தன் ஆனந்தராஜ் ஒரே போடா போட்டான். அண்ணனுக்கு அறுவது, இவனுக்கு சரக்கு!

அவன் பண்ண அசிங்கத்த எப்படிச் சொல்றது. பாலின்னு போன்ல ஒரு வீடியோவப் போட்டான். துணி இருக்குதா இல்லியான்னு தெரியாத பொம்பளைங்க மணல்ல படுத்துக்கினு இருக்குதுங்க. இவன் வாயத் தொறந்துக்கினு பாக்கறான். பொண்டாட்டி பக்கத்துலயே ஒக்காந்திருக்கா. அங்க மசாஜ் எவ்ளோன்னு எம்பையங்கிட்டயே கேக்கறான். நானு எழுந்து கொல்லப்பக்கம் போயிட்டேன்.

அப்பறந்தான் நானு வாயத் தொறந்தேன். அந்தமானுக்குப் போவலாமேன்னேன்.

நீயே சொல்லு, ஒங்கடை போர்டுலயே போட்டிருக்குது, இருக்கறதுலயே கம்மி அதுதான். பாஸ்போர்ட்டுக்கு ஆறு பேரு அலையத் தேவயில்ல. மெட்ராஸ்ல ஏறுனா ரெண்டு மணி நேரத்துல எறங்கிரலாம். தமிழ் பேசுனா போதும். கடலும் பச்சைதான். இதுல இன்னா கொற?

ஒவ்வொருத்தரா ஆரம்பிச்சாங்க. அங்க சுனாமி வரும்னா மருமவ. டவரு கெடைக்காதும்மான்னான் பையன். கைதிங்கள அடைச்ச ஊரு அண்ணி, அங்க போயா அறுவது கொண்டாடுவாங்கன்னான் கொழுந்தன். காட்டுல அம்பு வுடுவாங்களாம், அது அவம் பொண்டாட்டி. அத்தனையும் பொய்ச் சாக்கு. பேசுற அவங்களுக்கும் தெரியும், கேக்கற எனக்கும் தெரியும். எங்க வூட்டுக்காரரு சாப்டுக்கினு இருந்தவரு, பாதி சோறு இருக்கச்சயே தட்டுல கையக் கழுவிட்டாரு. அந்த ஊர்க் காத்து கூட எம்மேல படக்கூடாதுன்னாரு. அதோட முடிஞ்சிது. பாலின்னு முடிவு பண்ணிட்டு, அடுத்த நிமிசமே இன்னா கலர் சட்ட எடுக்கறதுன்னு சிரிச்சிப் பேசறாங்க. தூ. இதுங்களோட ஒரே பந்தியில ஒக்காந்து இத்தினி வருசமா எப்படிச் சோறு தின்னேன்னு இருந்துச்சி.

அந்தமான்ல அப்படி இன்னா இருக்குதுன்னு கேக்கற.

எம்பொண்ணு இருக்கறா. மணிமொழி.

ஆமா, பொண்ணுதான். யாரு கேட்டாலும் ஒரே பையன்னு சொல்லிச் சொல்லி வாய் பழகிப்போச்சி. அஞ்சி வருசம் ஆவுது. விழுப்புரத்துல காலேஜ் படிக்கச்ச கூடப் படிச்ச விமல்ராஜக் கட்டிக்கினா. எங்க ஊர் காலனிப் புள்ள. இப்ப அந்தமான்ல ஒரு ஸ்கூல்ல சயின்ஸ் வாத்தியாரா இருக்குது. குடிக்கறதில்ல, ஒருத்தர வாடா போடான்னு பேசாது. எங்க வூட்டு ஆம்பளைங்கள அது பக்கத்துல நிறுத்தக்கூட லாயக்கில்ல. ஆனா இவங்களுக்கு ஆவாது.

ஆவாதுன்னா பேசாம இருந்துட்டுப் போவணும். இவரு இன்னா பண்ணாரு தெரியுமா? உயிரோட இருக்கற பொண்ணுக்குக் கண்ணீர் அஞ்சலின்னு போஸ்டர் அடிச்சாரு. செஞ்சி பஸ் ஸ்டாண்டுலருந்து எங்க ஊரு தளவானூரு வரைக்கும் செவுரு செவுரா ஒட்டுனாங்க. மொட்ட போட்டுக்கினாரு. பதினாறாம் நாளு சொந்தக்காரங்கள ஒக்கார வச்சி வடை பாயாசத்தோட சோறு போட்டாரு. ஒருத்தராவது கேக்கணுமே, உயிரோட இருக்கற பொண்ணுக்கு இன்னா கருமாதின்னு? வந்து தின்னுட்டுப் போனாங்க. இந்த ஆனந்தராஜ் ரெண்டாந்தரம் பாயாசம் கேட்டு வாங்கிக் குடிச்சான்.

போன வாரம் அந்த விமல்ராஜ் புள்ள எனக்குப் போன் பண்ணுச்சி. அத்த, அவளுக்கு ஒம்பதாம் மாசம், பிரசர் ஏறிக்கினே இருக்குது, நீங்க பக்கத்துல இருந்தா நல்லா இருக்கும்னுச்சி. ஒரு வார்த்த, ஒரு வார்த்த கூட பழசச் சொல்லிக் காட்டல. அதான் தீவுப் பேச்சு வந்ததும், எல்லாரும் ஒண்ணாவே போயிரலாமேன்னு நெனச்சித் தொலைச்சேன்.

அதனால பாலிக்கு அஞ்சி பேரு. அவங்க எந்த மணல்லயாவது பொரளட்டும். எனக்கு ஒரே ஒரு டிக்கெட்டு அந்தமானுக்கு, நாளைக்குக் காலையில. போர்ட் பிளேருக்கு இப்ப வேற பேராமே, எதுவோ ஒண்ணு, ஆதார் இந்தா. அமிர்தவல்லின்னு அதுல இருக்கற மாரியே போடு. திரும்பி வர்றதுக்கா? இப்ப போடாத. வூட்ல சொல்லல. நீயும் போன் பண்ணிச் சொல்லிக்கினு இருக்காத.

அவளுக்கு எம்மேல கோவம் இருக்காதான்னு கேக்கற. போன்ல பேசுனா, அழுதா, வாம்மான்னா. அவளப் பொறுத்தவரைக்கும் அந்தப் போஸ்டரு அவங்க நைனா பண்ணது. அம்மா பாவம், அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சிக்கினு இருக்கறா.

போஸ்டருக்குப் போட்டோ வேணும்னு அவரு கேட்டாரு பாப்பா. பீரோவத் தொறந்து எடுத்துக் குடுத்தது நானு. கையில கெடச்சதக் கூட குடுக்கல. நாலஞ்சி போட்டோவப் பாத்து, காலேஜ்ல பரிசு வாங்கச்ச சிரிச்சிக்கினு இருப்பா, அது நல்லா இருக்குதுன்னு பொறுக்கிக் குடுத்தேன்.

மொதல்ல அதச் சொல்லணும் அவகிட்ட. அப்பறம் வூட்டுக்குள்ள சேத்துக்கினா சேத்துக்கிறா.

சன்னலோர சீட்டா? எதுனா ஒண்ணு போடும்மா.