வெள்ளைக் காக்கையின் தோல்

உங்கள் ஸ்டேஷன் காபியில் சிக்கரி கொஞ்சம் தூக்கல், இன்ஸ்பெக்டர். ஆனாலும் சூடாக இருக்கிறது, நன்றி.

சாந்தோமில் பிள்ளைகளுக்கு இயற்கைப் பாடம் நடத்துகிறவன் நான். ஞாயிறு பூசை, அது முடிந்தால் பறவைகள். வேறு கெட்ட பழக்கம் கிடையாது. மந்தைவெளியில் என் ஜன்னலை ஒட்டினாற்போல் தேவானையின் கொல்லைச் சுவர். போன மாதம் அதில் ஒரு வெள்ளைக் காக்கை வந்து உட்கார்ந்தது. அலகும் காலும்கூட வெளுப்பு. கரைவதில் மட்டும் அசல் காக்கை.

எங்கள் பறவைச் சங்கத்தில் சொன்னேன். தலைவர் பிரகாசம் தி. நகர்க்காரர், தும்முவதற்குக்கூட முன்னுரை சொல்பவர். "கொக்கைப் பார்த்திருப்பீர், மிஸ்டர் வில்லியம். கண்ணாடியைத் துடையும்," என்றார். சபை சிரித்தது. "உரித்துப் பதப்படுத்திய தோலைக் கொண்டுவாரும். தோல் இல்லாத பறவை வெறும் வதந்தி."

நியாயம்தானே? விஞ்ஞானம் அப்படித்தான்.

தேவானைக்கு விஞ்ஞானம் தெரியாது. அவள் புருஷன் வீடுகளுக்கு வெள்ளையடித்துப் பிழைத்தவன். போன வருஷம் சாரத்திலிருந்து விழுந்து செத்தான். "பாத்தியா சார், அவுருதான். குளிக்கக்கூட இல்ல, சுண்ணாம்போட நேரா வந்துகீறாரு. உசுரோட இருந்தப்பவும் இதே கதைதான்," என்பாள். ரேஷன் அரிசியை வடித்து, இலையோடு சுவர்மேல் வைப்பாள். அது கொத்தி முடித்ததும் அதே இலையில் மிச்சத்தை அவள் சாப்பிடுவாள். புருஷன் இலையில் சாப்பிட்டே பழகியவள். மூடநம்பிக்கைதான். தினமும் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சுட்டால் தோலில் ஓட்டை விழும். பிரகாசம் முதலில் ஓட்டையைத்தான் பார்ப்பார். ஆகவே நேற்று அவள் தண்ணீர்ச் செம்பு எடுக்க உள்ளே போனபோது, தோல் பதப்படுத்த வைத்திருந்த பாஷாணத்தைச் சோற்றில் தூவினேன். தாராளமாகவே.

காக்கை சாப்பிட்டது. சிறகு தொங்கியது. தேவானை வந்து பார்த்தாள். "இன்னாய்யா, ஒரு மாதிரியா கீற? ஒடம்பு சொகமில்லியா?" என்று விசாரித்துவிட்டு, இலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு என் ஜன்னலுக்குக் கீழேயே உட்கார்ந்தாள்.

அந்த நிமிஷத்தைப் பற்றித்தான் நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். கை நீட்டினால் இலை எட்டியிருக்கும். வாயைக்கூடத் திறந்தேன். ஆனால் சத்தம் போட்டால் காக்கை மிரண்டு பறந்து எங்கேயாவது சாக்கடையில் போய் விழும். நாய் இழுத்துக் குதறிவிடும். நீங்களே யோசித்துப் பாருங்கள்.

தேவானை நல்ல மனுஷி. எனக்கு வருத்தம்தான்.

ஒரே ஒரு உதவி. கோர்ட்டில் அந்தத் தோலைச் சாட்சியமாக வைப்பீர்களல்லவா? ராத்திரியே உரித்துப் பதப்படுத்திவிட்டேன், ஓர் இறகு உதிரவில்லை. அன்றைக்குப் பிரகாசத்துக்கு முன்வரிசையில் ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள்.