தூணில் எண்ணெய்க் கறை

தேக்கா சந்தைக்குப் போனால் கை துடைக்கும் வெட் டிஷ்யூ வாங்காமல் நான் தோ பாயோ வீட்டுக்குத் திரும்புவதில்லை, இன்ஸ்பெக்டர். என் கைப்பையில் அது எப்போதும் இருக்கும். கூடவே என் கணவர் ரமணனின் நெஞ்சுவலி மாத்திரையும் இருக்கும். வலி வந்ததும் நாக்குக்கு அடியில் வைக்க வேண்டியது. கல்யாணமான நாள் முதல் அவர் சாப்பாட்டைத் தவிர எதையும் கையில் எடுத்துக்கொண்டு நடந்ததில்லை. எல்லாம் என் பையில்தான்.

கப்பல் பயணம் என் ஆசை. வியட்நாமில் கப்பல் நிற்கும் ஊரில் ஆயிரம் வருடப் பழைய அம்மன் கோயில் ஒன்று உண்டு. அதைப் பார்க்கத்தான் பெயர் கொடுத்தேன். அவர் வந்தது பஃபேவுக்கு. எல்லாப் பாத்திரத்திலும் விரலை விட்டு ருசி பார்ப்பார். மென்றதைத் தட்டிலேயே துப்பிவிட்டு அடுத்ததை எடுப்பார். பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து போவார்கள். எனக்குக் குமட்டும். வெளியே காட்டிக்கொண்டதில்லை.

அன்று பொரித்த கோழியை நாப்கினில் சுருட்டிக் கோயிலுக்கே கொண்டுவந்துவிட்டார். தூண்களுக்கு நடுவே நிழலான மேடை ஒன்று இருந்தது. உணவங்காடியில் மேசை பிடிப்பதுபோல என் பையிலிருந்து டிஷ்யூ பாக்கெட்டை எடுத்து அதில் வைத்தார்.

“எடம் புடிச்சாச்சு லா. நீ போய்ப் பாத்துட்டு வா,” என்றார்.

நான் போகவில்லை. எலும்பை உறிஞ்சி முடித்துவிட்டு விரல்களைத் தூணில் துடைத்தார். எண்ணெய் செங்கலுக்குள் இறங்கியது. கோழித்தோல் ஒன்று அதில் ஒட்டிக்கொண்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் அதே கை நெஞ்சுக்குப் போனது.

“சுசீ, மாத்திரை எடு.”

பையைத் திறந்தேன். வெட் டிஷ்யூவை எடுத்துத் தூணைத் துடைத்தேன்.

கப்பலிலிருந்து கோயிலுக்கு வந்த எங்கள் குழுவில் எல்லாரும் சிங்கப்பூர்க்காரர்கள். டிஷ்யூ பாக்கெட் இருக்கும் இடத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். அதை மேடை ஓரத்துக்கு, நன்றாகத் தெரியும்படி நான்தான் நகர்த்தி வைத்தேன். பார்த்தவர்கள் வேறு நிழல் தேடிப் போனார்கள். நெருங்கி வந்திருந்தால் அவர் மூச்சுக்குத் திணறுவது கேட்டிருக்கும். வழிகாட்டியிடம், வெயிலில் களைத்துத் தூங்குகிறார், எழுப்ப வேண்டாம் என்றேன்.

நான்தான் கொன்றேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். வெறுப்பில் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அந்தக் கோயிலுக்காகச் செய்தது. உள்ளே போய் அம்மனைப் பார்க்கத்தான் நேரமில்லாமல் போயிற்று. அவர் மூச்சு அடங்கும்வரை அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.