மாவுக்குள் வெளிச்சம்

மாவுக்கும் வெளிச்சம் உண்டு. கண்ணுக்குத்தான் தெரியாது. மாவிலுள்ள எண்ணெய் காற்றுப் பட்டுக் கெடக் கெட, மிக மங்கலான ஒளி கசியும். தண்ணீர் பட்டாலும் கசியும். இருட்டுப் பெட்டிக்குள் வைத்தால் கருவி அதை எண்ணிச் சொல்லிவிடும். எண் கூடினால் மாவை வெளியே அனுப்பக்கூடாது. குழந்தைகளுக்கான சத்துமாவு ஆலையில் பதினாறு வருடம் அதுதான் என் வேலை.

பிறகு அதே சோதனை வேலைக்கு அவளும் வந்தாள். இருட்டறையில் தடவாமல் சாமான் எடுப்பாள். அதனால் ஆந்தை என்று கூப்பிடுவோம். கோபித்துக்கொள்ள மாட்டாள். "ஆந்தையாவது முழிச்சிருக்கு. நீங்க கொட்டாவி விடுறீங்களேண்ணே" என்பாள். ஆய்வுக்கூடப் பொறுப்பு அவளுக்குத்தான் என்று பேச்சு அடிபட்டது.

நான் பெரிதாக எதுவும் செய்யவில்லை. அவள் சாப்பிடப் போகும் நேரத்தில், அவள் எடுத்து வைத்த கிண்ணத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவேன். எண் எகிறும். அவள் மாவை நிறுத்தச் சொல்வாள். நான் வேறு கிண்ணத்தில் எடுத்துச் சோதிப்பேன். மாவு நன்றாக இருக்கும். வாரம் ஒரு தடவை, ஐந்து வாரம். தண்ணீர் யாருக்கும் கெடுதல் செய்யாது.

"ஈரக்கையோட மாவைத் தொடுறியாம்மா?" என்று மேலாளர் கேட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு சோதனைக்கு முன்னாலும் அவள் கையுறையை இரண்டு தரம் மாற்றினாள்.

ஆறாவது வாரமும் எண் எகிறியது. குழந்தைகள் மருத்துவமனைக்குப் போகவேண்டிய மாவு. லாரி வாசலில் நின்றது. மேலாளர் என்னைப் பார்த்தார்.

"கை காய்ஞ்சுதான் இருந்துச்சுண்ணே. மோந்தாவது பாருங்க" என்று அவள் கிண்ணத்தை நீட்டினாள்.

நான் வாங்கவில்லை. "பழைய கதைதான் சார்" என்றேன். லாரி போனது.

பதினோரு குழந்தைகளுக்கு வாந்தி. ஏற்கெனவே மெலிந்து கிடந்த பிள்ளைகள். இரண்டு பேர் பிழைக்கவில்லை.

"அஞ்சு தடவை சும்மா கத்தினவளை யாருண்ணே நம்புவாங்க? என்மேலதான் தப்பு" என்று அவள் தேம்பினாள். அவளுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தேன். மறுநாள் வேலையை விட்டுவிட்டாள். பொறுப்பு எனக்கு வந்தது.

எத்தனை தடவை தண்ணீர் விட்டேன் என்றுதானே கேட்டீர்கள். ஐந்து. அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். ஆறாவது கிண்ணத்தை நான் தொடவே இல்லை. அன்றைக்கு என்மேல் ஒரு தப்பும் கிடையாது. அந்த எண் நிஜம் என்று ஆலையில் உறுதியாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.