வேறு இடத்தில் ஒரு நகல்

மெயில் காணாமல் போனால் யாரும் மெஷினைத் திட்டுவதில்லை. "நான்தான் அனுப்ப மறந்துட்டேன் போல" என்று தலையைச் சொறிந்துகொண்டு திரும்ப அனுப்பிவிடுவார்கள். மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவனுக்கு இதைவிடத் தங்கமான ஜனங்கள் கிடைக்கமாட்டார்கள்.

சம்பந்தமில்லாமல் பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள், ஐயா. நீங்கள் கேட்டதற்குப் பதில் இதில்தான் இருக்கிறது.

எங்கள் தொழிற்சாலையில் பாய்லர் பொறுப்பாளராக இருந்தவர் என் தங்கையின் கணவர். எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே மாப்பிள்ளைதான். பரம சாது. அந்த அனலிலும் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றமாட்டார். எனக்கு அவர்மேல் ஒரு கோபமும் கிடையாது. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் மேலாளர் ஒரு வழக்கம் வைத்திருந்தார். பாய்லரை நிறுத்த வேண்டுமென்றால் மெயிலில்தான் அனுமதி கேட்க வேண்டும். போனில் பேசினால், 'சொன்னேன், சொல்லவில்லை' என்று பின்னால் வம்பு வரும் என்பார். அவர் சரியென்று பதில் போட்டால் நிறுத்தலாம். பதில் வராவிட்டால் ஓட்ட வேண்டும். எல்லோரும் அதற்குப் பழகியிருந்தோம்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் மெயில் டேட்டாபேஸ் பழுதாகித் திறக்காமல் நின்றது. இது சகஜம்தான். முந்தின நாள் எடுத்த பேக்கப் கையில் இருந்தது. பேக்கப்பைத் திரும்ப ஏற்றுவதற்கு எங்கள் தொழிலில் ஒரு பாலபாடம் உண்டு. பழையதை எடுத்து இருக்கிற இடத்திலேயே கொட்டக்கூடாது. வேறு இடத்தில் ஏற்றித் திறந்து பார்த்து, அன்றைக்கு வந்த மெயில்களையும் மீட்டுச் சேர்த்த பிறகுதான் உள்ளே கொண்டுவர வேண்டும். அதற்கு விடிய விடிய உட்கார வேண்டியிருக்கும். நானோ நண்பன் வீட்டு விருந்துக்கு வருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

அதே இடத்தில் ஏற்றினேன்.

சர்வர் எழுந்துகொண்டது. அன்று பகலில் வந்ததும் போனதும் எல்லோர் பெட்டியிலிருந்தும் துடைத்தாற்போல் மறைந்தன. யாரிடமும் நான் அதைச் சொல்லவில்லை. கேட்டால் திரும்ப அனுப்பச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். பழுதான டேட்டாபேஸை மட்டும் ஒரு தனி டிஸ்க்கில் எடுத்துவைத்தேன். எதையும் அழிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

மறுநாள் காலை பாய்லர் வெடித்தது. இரண்டு தொழிலாளிகள் போய்விட்டார்கள். ஒருவர் அப்போதுதான் வந்து சாப்பாட்டுப் பையை ஆணியில் மாட்டிக்கொண்டிருந்தாராம்.

வால்வு சிக்கிக்கொள்கிறது, பாய்லரை நிறுத்த அனுமதி வேண்டும் என்று முந்தின நாள் மத்தியானமே மெயில் போட்டதாக மாப்பிள்ளை சொன்னார். பதில் வராததால் ஓட்டியிருக்கிறார். மேலாளர் அன்று பகல் முழுக்கப் பயணத்தில் இருந்தவர், வீட்டுக்குப் போய்த்தான் மெயில் பார்த்திருக்கிறார். அவர் பெட்டியைத் திறந்து காட்டினார். அதில் இல்லை. அன்றைய மற்ற மெயில்களும் இல்லையே என்று யாரும் யோசிக்கவில்லை. மாப்பிள்ளை அனுப்பியவற்றைத் திறந்தார்கள். அதிலும் இல்லை. கையோடு போலீஸார் மாப்பிள்ளையை அழைத்துப் போனார்கள்.

தங்கை நேராக என் அலுவலகத்துக்கே வந்துவிட்டாள். அவசரத்தில் இரண்டு காலிலும் வேறு வேறு செருப்பு.

"அண்ணா, அவரு பொய் சொல்லமாட்டாருண்ணா. உன் மெஷின்ல எங்கயாவது கிடக்கும். தேடிக் குடுண்ணா."

"தேடுறேம்மா. நீ முதல்ல உக்காரு, தண்ணி குடி."

தேடினேன். இந்த முறை பாலபாடத்தை மீறவில்லை. பழுதான டேட்டாபேஸை வேறு ஒரு மெஷினில் ஏற்றிச் சரிசெய்து திறந்தேன். மேலாளரின் பெட்டியில், படிக்கப்படாத மெயில்களுக்கு உண்டான தடித்த எழுத்தில், அது இருந்தது. 'தயவுசெய்து இன்றே பதில் தரவும்' என்று முடிந்திருந்தது. அந்த மனிதர் மெயிலிலும் சத்தமாகப் பேசத் தெரியாதவர்.

என் நிலைமையை நீங்கள் யோசிக்க வேண்டும். அதை வெளியே கொடுத்தால் மாப்பிள்ளை வந்துவிடுவார். ஆனால் அந்த மெயில் ஏன் பெட்டியில் இல்லை என்று கேட்பார்கள். அப்புறம் அவர் இடத்தில் நான். யாராவது ஒருவர் உள்ளே இருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. அவர் ஏற்கெனவே உள்ளே இருந்தார்.

"இல்லம்மா" என்றேன்.

"நல்லாப் பாத்தியாண்ணா?"

"எனக்குத் தெரியாம என் சர்வர்ல ஒரு மெயில் ஒளிஞ்சுக்க முடியுமா?"

அவள் நம்பினாள். சின்ன வயதிலிருந்தே நான் சொன்னால் நம்பிவிடுவாள்.

சிறையில் மாப்பிள்ளையைப் பார்க்கப் போனேன். மேல் பட்டன் கழன்றிருந்தது. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் தன் சுட்டுவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், இந்த விரலாலதான் அனுப்புனேன். கண்ணுல நிக்குது. ஆனா எல்லாரும் இல்லைங்கிறாங்க. நான் நிஜமா அனுப்புனேனா, இல்ல அனுப்புனதா நினைச்சுக்கிட்டேனா?"

இங்கே நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் மனிதர் தவித்தார். பார்க்கச் சகிக்கவில்லை. அவரை எப்படியாவது அமைதிப்படுத்த நினைத்தேன்.

"அன்னிக்கு உங்களுக்கு வேலை ஜாஸ்தி மாப்ளே. எழுதிட்டு அனுப்ப மறந்திருப்பீங்க. ஆபீஸ்ல தினமும் நாலு பேரு இப்படித்தான் என்கிட்ட வந்து நிப்பாங்க."

"நீங்களே தேடிப் பாத்தீங்களாமே?"

"நானேதான் பாத்தேன்."

"அப்ப அந்த ரெண்டு பேரையும் நான்தான்..." என்றார். முடிக்கவில்லை. நான் முடித்துக் கொடுக்கவும் இல்லை.

வழக்கு விசாரணைக்கு வந்தபோது குற்றத்தை அவரே ஒப்புக்கொண்டார். இறந்துபோன இருவரின் குடும்பமும் நின்ற பக்கம் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். சிறையில் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாட்டை விட்டார். அடுத்த வருடம் இதயம் நின்றுவிட்டது என்று தகவல் வந்தது. உடலை நான்தான் வாங்கி வந்தேன்.

தங்கையை என் வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டேன். ஜன்னல் உள்ள நல்ல அறையை அவளுக்குக் கொடுத்தேன். ஒரு குறையும் வைக்கவில்லை. என் சட்டைகளை அவள்தான் இஸ்திரி போடுகிறாள். "எங்கண்ணன் மட்டும் இல்லைன்னா நான் என்ன ஆயிருப்பேனோ" என்று பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பாள்.

சர்வரை மாற்ற வந்த புதிய ஆள் அந்த டிஸ்க்கைத் திறந்து பார்த்து உங்களிடம் கொடுத்துவிட்டார். நல்லது. நான் கெட்டவனாக இருந்தால் அதை என்றைக்கோ அழித்திருக்கமாட்டேனா? அந்த மெயிலைக்கூட நான் அழிக்கவில்லை ஐயா. வேறு இடத்தில் வைத்திருந்தேன், அவ்வளவுதான்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள். ஒரே ஒரு உதவி. விஷயத்தைத் தங்கையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். பாவம், என்னை விட்டால் அவளுக்கு யாரும் இல்லை.