லிட்டருக்குப் பதினைந்து

டீசல் பிக்கப் வாங்கப் போகிறவர்கள் கம்பெனி சொல்லும் மைலேஜை நம்புவதில்லை. வண்டி வைத்திருக்கிறவர்கள் இணையத்தில் எழுதுவதைத்தான் நம்புவார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன். பதினான்கு, பதினைந்து என்று எழுதியிருந்தார்கள். எவ்வளவு பாரம் ஏற்றினார்கள், மேடா சமதரையா, எப்படி அளந்தார்கள் என்று ஒருவரும் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை.

நான் டைல்ஸ் ஒட்டுகிறவன். சின்ன வண்டியே போதும் என்று மனைவி தலைபாடாய் அடித்துக்கொண்டாள். நான் காதில் வாங்கவில்லை. டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி, மூன்று முறை அளந்து பார்த்தேன். ஒரு தடவைகூடப் பத்தரையைத் தாண்டவில்லை. அவளிடம் பதினைந்து என்றேன். அவள் நம்ப வேண்டுமே என்று இணையத்திலும் அதையே எழுதினேன். நாற்பது பேர் நன்றி சொன்னார்கள். வெட்கமாக இருந்தது. அழிக்கவில்லை.

இரண்டு வருஷம் கழித்து என் தங்கை வீட்டுக்காரர் அந்த வண்டியை விலைக்குக் கேட்டார். பம்ப் செட் ரிப்பேர் செய்கிறவர். ஊருக்கு வெளியே, கல்குவாரியை ஒட்டி வீடு. தங்கைக்கு அப்போது எட்டு மாதம்.

"டீசல் முள் வேலை செய்யலையே, மச்சான்?"

"கிலோமீட்டரை வச்சுக் கணக்குப் போட்டுக்குங்க, மாப்பிள்ளை. பதினஞ்சு குடுக்கும்."

"நெட்லயும் ஒருத்தர் அதையேதான் எழுதியிருக்காரு," என்றார். திருப்தியாக இருந்தது அவருக்கு. அந்த ஒருத்தர் நான்தான்.

வண்டியை எடுத்துப்போன நாலாம் நாள் காலையில் போன் செய்தார்.

"அவளுக்கு ரத்தம் போகுது, மச்சான். ஆம்புலன்ஸ் வர நேரமாகுமாம். பெரியாஸ்பத்திரி நூத்திமுப்பது கிலோமீட்டர். டேங்க்ல குச்சி விட்டுப் பார்த்தேன், பத்து லிட்டர் இருக்கு. போற வழியில பங்க் கிடையாது, இருக்கிற ஒண்ணும் எதிர்ப்பக்கம், போய்ட்டு வந்தா அரை மணி நேரம் வீணாகும். நேரா போயிடவா?"

கணக்கு எனக்கு உடனே தெரிந்தது. நூற்றைந்தில் நின்றுவிடும். பங்க் போய்விட்டுப் போங்கள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஏன் என்று கேட்பார். மனைவி பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

போனில் தங்கையின் குரல் கேட்டது. "அண்ணன் என்ன சொல்லுது?"

"தாராளமா போகும்," என்றேன்.

கதை எழுதுகிறவர் என்றுதான் உங்களைத் தேடி வந்தேன், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். என்னால் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

வண்டி நூற்றாறாவது கிலோமீட்டரில் நின்றது. வீடோ கடையோ செல்போன் சிக்னலோ இல்லாத சாலை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் ஒரு லாரி வந்தது. லாரிக்காரர் அவளை ஏற்றிக்கொண்டு பறந்தார். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உயிர் இல்லை. குழந்தையும் இல்லை. கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் இரண்டு பேரும் பிழைத்திருப்பார்கள் என்று டாக்டரம்மா சொன்னார்.

நான் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளை சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் அவள் ரத்தம்.

"பதட்டத்துல அழுத்தி ஓட்டிட்டேன், மச்சான். மெதுவா போயிருந்தா டீசல் போதுமா இருந்திருக்கும்ல?"

பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

"ஆமா, மாப்பிள்ளை. அழுத்தினா குடிக்கத்தான் செய்யும்," என்றேன்.

அதன்பிறகு அவர் வண்டியைத் தொடவில்லை. என் தங்கையைத் தானே கொன்றுவிட்டதாகப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். பிள்ளைகுட்டி இல்லாமல் தனியாக இருக்கிற மனுஷன், உண்மை தெரிந்தால் தாங்கமாட்டார். அதனால்தான் அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.